கட்டிக்கொடுத்த பெண்ணும் பார்த்து எழுதிய குத்தகை உறுதியும்

காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுக் கந்தோர்களில் கிளாக்காகச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதலில் உங்களுக்கு ஒரு ஆறுதல் சொல்லிவிடுகிறேன். நான் விட்ட பிழையைவிடப் பெரிய பிழையை விடுவது உங்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. முதலிடத்தை நான் எடுத்துக்கொண்டு கனகாலமாகிறது. நீங்கள் பயப்படாமல் வேலை செய்யலாம்.

உறுதிக்கு எந்தத் தாள், முத்திரையை எங்கே ஒட்டுவது, எத்தனை பிரதி என்பதையெல்லாம் உங்கள் நொத்தாரிசு சொல்லித் தருவார். நான் சொல்லப்போவது அவர் வழக்குக்காகக் கோட்டுக்குப் போயிருக்கும் நேரத்தைப் பற்றி. கந்தோரில் நீங்கள் தனியாக இருப்பீர்கள். எதிரில் நாலு பேர் சத்தம் போடுவார்கள். உங்கள் கையில் நீங்களே எழுதிய தாள் இருக்கும். அது பிழை என்று உங்களுக்கு மட்டும் தெரியும். அந்த நேரம்தான் இந்தத் தொழில். மற்றதெல்லாம் தட்டெழுத்து.

நான் எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். மிச்சத்தை பஸ் போர்டிலும் கடையில் சாமான் சுற்றித் தந்த பேப்பரிலும் படித்துக்கொண்டேன். சிங்களம் விளையாட்டிலேயே வந்துவிட்டது. டவுனில் ஒரு சிங்கள நொத்தாரிசு மாத்தயாவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, தமிழ், சிங்களம் இரண்டும் பேசுகிற, தட்டெழுத்தும் அடிக்கிற ஆள் என்று எனக்கு ஒரு மவுசு. மவுசு வந்தால் மண்டைக்குள் கொஞ்சம் காற்றும் வரும். எனக்குக் கொஞ்சம் கூடவே வந்தது.

அங்கே சேர்ந்துதான் தீக, பின்ன என்ற இரண்டு சொல்லையும் கற்றேன். சப்ரகமுவையில் பழைய சிங்களக் குடும்பங்களுக்குக் கண்டிச் சட்டம். மகளைக் கட்டிக்கொடுத்து அவள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் அது தீக. அப்பன் காணியில் அவளுக்குப் பங்கில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருந்துவிட்டால் அது பின்ன. அவளுக்குப் பங்கு உண்டு, ஆனால் மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லை. பின்ன மாப்பிள்ளை குடையையும் கைத்தடியையும் ஒரு தீப்பந்தத்தையும் கதவோரம் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று சிங்களக் கிழவர்கள் சொல்வார்கள். மாமனார் எந்த மழையில், எந்த இருட்டில் ‘போ’ என்பாரோ தெரியாதாம். இந்தப் பேச்சைக் கேட்டு நான் வாரக்கணக்கில் சிரித்தேன். சிரித்தது பரவாயில்லை. சட்டத்தையே பிடித்துக்கொண்டதுதான் வினை. காணி விஷயமாக எவர் வந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்பே, “வீட்டில் பெண் பிள்ளை உண்டா? தீகவா, பின்னவா?” என்று கேட்பேன். வந்தவர்கள் பாதிப்பேர் நான்தான் நொத்தாரிசு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் வேலு வந்தார்.

வேலுவின் அப்பா ஒரு கங்காணி. கஷ்டப்பட்டுப் பிரஜாவுரிமை எடுத்து, துண்டு துண்டாக வாங்கி, ஐந்து ஏக்கர் ரப்பர் சேர்த்தவர். காணி மூலையில் தகரம் போட்ட ஒரு சின்ன வீடும் இருந்தது. வயதானபின் எல்லாவற்றையும் ஒரு ரப்பர் முதலாளிக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். தவணை முடிகிற சமயத்தில் கங்காணி காலமாகிவிட்டார். பெண்சாதி அவருக்கு முன்பே போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டு பேர்: வேலு, அவர் தங்கச்சி அங்கம்மா. அங்கம்மாவை பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குத்தகையை இன்னும் பதினைந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க முதலாளி ரெடி. அதற்குத்தான் வேலு வந்தார்.

“தங்கச்சியையும் கூட்டிட்டு வரணுங்களா?” என்று அவராகவே கேட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனுஷன் அவராகவே கேட்டார்.

“தங்கச்சி கல்யாணம் கட்டினவங்களா?”

“ஆமாங்க. பதினெட்டு வருஷமாச்சு.”

“புருஷன் வீட்டிலயா இருக்காங்க, உங்க வீட்டிலயா?”

“அது எப்படிங்க எங்க வீட்டில இருக்கும்? அவுங்க தோட்டத்துலதான்.”

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். “அப்ப அது தீக. அவங்களுக்குப் பங்கில்ல. நீங்க ஒரு ஆள் கையெழுத்துப் போட்டாப் போதும். பாவம், பலாங்கொடையில இருந்து வரச்சொல்லி எதுக்கு அலைய வைக்கிறீங்க? பஸ் காசாவது மிச்சம்.”

வேலு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்குக் கிணற்றையே கொடுத்த மாதிரி இருந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு சிங்களக் குடும்பத்துக்கு இதே மாதிரிக் குத்தகை உறுதி எழுதியிருந்தோம். அந்தப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆள் பெயரையும் காணிப் பெயரையும் மாற்றி, வரைவை அடித்து முடித்தேன். ஈயடிச்சான் காப்பி என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அதுதான். ஈ எங்கே செத்துக் கிடந்தது என்று எனக்குத் தெரிந்ததோ கையெழுத்து நாளில்தான்.

அன்றைக்கு மாத்தயாவுக்கு அவிசாவளையில் வழக்கு. “மத்தியானம் வந்திடுவேன், எல்லாரையும் உட்கார வை” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு வேலு வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. பின்னாலேயே முதலாளி வந்தார். பெரிய உடம்பு, இடுப்பில் சாவிக் கொத்து. அவருக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. பேச வராது என்பது அவருக்குத் தெரியாது. “ரப்பர்ப் பால் நிக்கக் கூடாது. இண்டைக்கு முடிக்கோணும். இல்லாட்டி நான் வேற காணி பாக்குறது” என்றார்.

சீனிக்கும் பாணுக்கும் ஊரே வரிசையில் நின்ற காலம் அது. மூன்று பேருக்கும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றி, ஆளுக்கு ஒரு நகத்தளவு ஹக்குருக் கருப்பட்டி வைத்தேன். ஹக்குருவைக் கடித்துக்கொண்டு முதல் மிடறு குடிக்கும்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கையில் ஒரு குடை, ஒரு தபால் அட்டை. பின்னால் இருமிக்கொண்டு மெலிந்த ஒரு மனிதர்.

“கிளாக்கு ஐயாங்கிறது யாருங்க?”

“நான்தான்” என்றேன், மவுசு குறையாமல்.

“நீங்கதானா. ஒங்களப் பாக்கத்தான் காலம்பற அஞ்சு மணி பஸ்சு புடிச்சேன்.” தபால் அட்டையை மேசையில் வைத்தார். வேலுவின் கையெழுத்து. ‘அன்புள்ள தங்கைக்கு, அப்பா காணியில் உனக்குப் பங்கில்லை என்று கந்தோர் கிளாக்கு ஐயா சொல்கிறார். அது சட்டமாம். நீ அலைய வேண்டாம். பஸ் காசு மிச்சம். மனதில் ஒன்றும் வைக்காதே.’

நல்ல மனுஷன் என்பதால் தங்கச்சிக்கு அறிவித்தார். அதிலும் நல்ல மனுஷன் என்பதால் நான் சொன்ன பஸ் காசு வரைக்கும் விடாமல் எழுதினார்.

“அங்கம்மா, நீ எதுக்கு இங்க...” என்று வேலு எழுந்தார்.

“நீ ஒக்காரு அண்ணே. ஒங்கிட்ட பொறவு பேசுறேன்.” என் பக்கம் திரும்பினார். “ஐயா, எங்க தோட்டம் கைமாறிப் போச்சு. புதுசா வந்தவுங்க வேலையில இருந்து எங்க ரெண்டு பேர் பேரையும் வெட்டிட்டாங்க. மாசக் கடேசிக்குள்ள குடியிருக்கிற காம்பிராவ விடணும். இவருக்கு நெஞ்சு சொகமில்ல. அப்பா வீடு இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்கேன். அத நீங்க பதினஞ்சு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டா, நான் எங்கங்க போறது?”

தம்பிமாரே, இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். “மாத்தயா வரட்டும்” என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார், வேலு பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஆள் இருந்தால் முட்டாள்தனத்துக்கு மூச்சு கூடும். வரைவை எடுத்து, தொண்டையைச் செருமி, கோட்டில் வாசிக்கிற மாதிரி அந்த வாசகத்தைத் தமிழாக்கி வாசித்தேன்:

“மேற்படி காலஞ்சென்றவரின் மகளாகிய புஞ்சிமெனிக்கே என்பவள் தீகவாக விவாகம் செய்து கொடுக்கப்பட்டு, தகப்பன் வீட்டை விட்டு நீங்கியபடியால்...”

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஏ கவுத?” என்றார் முதலாளி. யார் அது என்று கேட்கிறார். எனக்கும் அதே கேள்விதான், முந்தின வாரத்துச் சிங்கள வீட்டு மகள் என்று ஞாபகம் வரும் வரைக்கும்.

அங்கம்மா மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார். “ஏண்ணே. அப்பாவுக்கு சிங்களத்துல ஒரு பொண்ணு இருந்துச்சா? நம்மகிட்ட சொல்லவே இல்லியே மனுசன்!”

“சீச்சீ, வாயக் கழுவு” என்றார் வேலு. ஆனால் அவர் முகத்திலும் ஒரு சந்தேகம் ஓடியதை நான் பார்த்தேன். செத்தவர் தோட்டத்தில் மட்டுமா கங்காணியாக இருந்தார்?

முதலாளி மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சாயத்தண்ணி சிந்தியது. “கங்காணி கெட்டிக்காரன்!” என்றார்.

நான் தாளைக் கீழே வைத்து, “அது தட்டெழுத்துப் பிழை. அந்த இடத்தில உங்க பேர் வரணும். சட்டம் சட்டம்தான்” என்றேன். குழியில் விழுந்தவன் மண்வெட்டி கேட்ட கதை.

அங்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவரை உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“சட்டம்னா எந்தச் சட்டங்க? அந்த புஞ்சிமெனிக்கே ஆளுங்க சட்டமா? எங்க மாமன் மச்சானெல்லாம் பிரஜாவுரிமை கேட்டு நின்னப்ப, நீங்க இந்த நாட்டு ஆளு இல்லேன்னாங்க. பங்கு குடுக்காம தொரத்துறதுக்கு மட்டும் நாங்க இந்த ஊரு ஆளா ஆயிட்டமா?”

முதலாளியின் சிரிப்பு நின்றது. நான் எழுந்து, “சட்டப் புத்தகம் பாத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே புத்தகம் இருந்தது. நான் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. கண்டிச் சட்டம் கண்டிச் சிங்களவர்களுக்கு. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அவர்கள் தேசவழமை. நம் தோட்டத்து ஆட்களுக்கு இரண்டும் இல்லை. பொதுச்சட்டம்தான். அதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை, கட்டினது, கட்டாதது என்றெல்லாம் கிடையாது. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை என்றால் பிள்ளைகளுக்குச் சரிபங்கு. இதை மாத்தயா வாயால் நானே பல தடவை கேட்டிருக்கிறேன். ஊராருடைய சட்டத்தில் கெட்டிக்காரனாகும் அவசரத்தில் என் சொந்த ஆட்களுடைய சட்டத்தை மறந்தேன். என் அக்காவும் கட்டிக்கொடுத்த பெண்தான். அவளுக்கு எது பொருந்தும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்கூடப் போதும்.

தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் நின்றுகொண்டு மூன்று வழி யோசித்தேன். ஒன்று, வேலு எனக்குத் தகவலைப் பிழையாகச் சொன்னார் என்று அவர் தலையில் போடலாம். தோட்டத்து ஆள் பேச்சா, கிளாக்குப் பேச்சா என்றால் மாத்தயா என்னைத்தான் நம்புவார். இரண்டு, தலைவலி என்று வீட்டுக்குப் போய்விடலாம். மூன்றாவது உங்களுக்கே தெரியும். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், வேலுவின் தபால் அட்டையில் ‘கிளாக்கு ஐயா சொல்கிறார்’ என்று எழுத்தில் இருந்தது. முதல் வழியை அந்த அட்டை அடைத்துவிட்டது. சில நேரம் நேர்மைக்கு ஒரு சாட்சிக் கடதாசி தேவைப்படுகிறது.

வெளியே வந்து நின்றுகொண்டே சொன்னேன். “நான் எழுதினது பிழை. நான் சொன்னதும் பிழை. காணி உங்க ரெண்டு பேருக்கும் சரிபாதி. இந்த அம்மா கையெழுத்து இல்லாம முழுக் காணியையும் குத்தகைக்குக் குடுக்க முடியாது.”

முதலில் பாய்ந்தது வேலு. “என்னங்க இது! நான் தபாலே போட்டுட்டேனே! நான் மொதல்லயே தங்கச்சியக் கூட்டிட்டு வரவான்னு கேட்டேன். நீங்கதான வேணாம்னீங்க. அத நம்பி என் பொஞ்சாதிகிட்ட எல்லாம் நமக்குத்தான்னு சொல்லிட்டேன். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறது?”

“இருக்கிற மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போ” என்றார் அங்கம்மா.

“அவளுக்கு சீர் செஞ்சாச்சுங்க! பித்தாள கொடம், கழுத்துக் கோர்வ, தோடு, பால் ஆடு ஒண்ணு...”

“ஆடு! ஐயா, அந்த ஆடு மூணாம் நாளே செத்துப் போச்சு. கல்யாண வீட்டுல வாழ எலையெல்லாம் தின்னுபுட்டு வந்த ஆடு. அதுக்குக் குழி வெட்டினது இந்த மனுசன்தான், புது மாப்பிள்ள. கேளுங்க.”

மெலிந்த மனிதர் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார். “ரெண்டடி ஆழம் வெட்டினேங்க” என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறேம்பாங்க” என்றார் வேலு. “எனக்கும் நாலு புள்ளைங்க.”

“எனக்கு வயிறு பத்திப் பேச்சே இல்லண்ணே. தல மேல ஒரு தகரம். அதத்தான் கேக்குறேன்.”

இங்கேதான் நான் அன்றைக்குச் செய்த ஒரே உருப்படியான வேலையைச் செய்தேன். அதுவும் நான் செய்ததில்லை, அங்கம்மா செய்தது. நான் குறுக்கே பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அவர் அண்ணனை விட்டுவிட்டு முதலாளியிடம் திரும்பி, நான் பேசுவதைவிட நல்ல சிங்களத்தில், “முதலாளி மஹத்தயா, உங்களுக்கு அந்த வீடு வேணுமா?” என்று கேட்டார்.

முதலாளி கையை விரித்தார். “அனே நங்கி, மட்ட ரபர் விதரய் ஓன!” ரப்பர் மட்டும்தான் வேண்டுமாம். அந்த வீட்டில் அவர் கோணிச் சாக்குதான் போட்டு வைத்திருக்கிறார். மழை வந்தால் சாக்கை நனையாமல் வேறு இடத்துக்கு மாற்றவே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. வீட்டை வெட்டி எழுதினால் அவருக்கு நிம்மதி. இன்னொன்றும் சொன்னார்: இரண்டு பிள்ளைகள் இருக்கும் காணிக்கு ஒரு பிள்ளையின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, நாளைக்கு மற்றது வந்து மரத்தைக் கட்டிப்பிடித்தால் பாலை யார் வெட்டுவது? “நங்கி போடோணும். அய்யா போடோணும். ரெண்டும் இல்ல, நானும் இல்ல.” சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி, அய்யா என்றால் அண்ணன்.

காலையிலிருந்து இந்த வீட்டுக்காக ஒரு அண்ணனும் தங்கச்சியும் உறவை அறுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். வீட்டைக் குத்தகைக்கு எடுப்பவருக்கோ அது வேண்டவே வேண்டாம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளைகளே, காணி பேச வந்தவர்களிடம் கேள்வி கேட்பது எல்லாருக்கும் தெரியும். யார் வரவில்லை, எது பேசப்படவில்லை என்று கேட்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

வேலு ஹக்குருத் துண்டைக் கீழே வைத்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். மச்சான் இருமினார். “தகரம் ஒழுகுது” என்றார் வேலு, யாரிடம் என்றில்லாமல். “மேப்பக்கம் நாலு தகரம் மாத்தணும். ஞாயித்துக்கெழம வர்றேன்.”

அங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்போது முதலாளி எட்டி மச்சானின் தோளில் தட்டி, அவர் இனிமேல் பின்ன மாப்பிள்ளை, குடையைக் கதவோரம் வைத்துக்கொள்ளட்டும் என்றார். நான் அதைத் தமிழில் விளக்கினேன். “கொட அவ கையிலதானங்க இருக்கு” என்றார் மச்சான். அன்றைக்கு அவர் பேசிய இரண்டாவது பேச்சு. இரண்டும் பேச்சுத்தான்!

மாத்தயா வரும்போது மணி ஒன்றரை. நான் புது வரைவை அடித்து முடித்திருந்தேன்: குத்தகைக்குக் கொடுப்பவர்கள் இரண்டு பேர், குத்தகைப் பணம் சரிபாதி, வீடும் அதைச் சுற்றி இருபது பேர்ச் நிலமும் அதற்குப் போகிற பாதையும் குத்தகையில் சேராது. பழைய வரைவையும் அவர் முன்னால் வைத்தேன். ஒளித்திருக்கலாம். அவர் வாசித்தார். புஞ்சிமெனிக்கே வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

“நீ இந்தக் கந்தோரில் வேலை செய்வதற்கு முன்னால் என்ன செய்தாய்?” என்று கேட்டார்.

“ரப்பர்ப் பால் வாளி தூக்கினேன், மாத்தயா.”

“வாளியில் வேறு ஆள் பாலைக் கலந்தாயா?”

“இல்லை, மாத்தயா.”

“அப்போ இங்கேயும் கலக்காதே.” என்றார். புது உறுதியை ஒவ்வொரு வரியாக வாசித்து, அங்கம்மாவிடம் மட்டும் இரண்டு தடவை விளங்கியதா என்று கேட்டார். சாட்சிக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளி இடுப்புச் சாவிக் கொத்திலிருந்து துருப்பிடித்த ஒன்றைக் கழற்றி அங்கம்மாவிடம் கொடுத்தார். அது அந்த வீட்டுச் சாவியா, அவருடைய கடைச் சாவியா என்று பார்த்துக் கொடுக்கும்படி அங்கம்மா சொன்னார். பார்த்தார். கடைச் சாவி. மாற்றிக் கொடுத்தார்.

எல்லாரும் பஸ்சுக்குப் போனபின் வேலு மட்டும் திரும்பி வந்தார். குடையை விட்டுவிட்டுப் போனார் என்று நினைத்தேன். அவர் குடை கொண்டு வரவேயில்லை. வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். என் பொஞ்சாதியோட அப்பாவுக்குக் கலவானப் பக்கம் ஒரு ஏக்கர் தேயில இருந்துச்சு. அவர் செத்து ரெண்டு வருசம். அவ அண்ணன்காரன் அத மொத்தமா வேற ஆளுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கான். கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பங்கில்லைன்னு நாங்களும் பேசாம இருந்துட்டோம். இப்ப நீங்க சொன்ன சட்டம்... அவளுக்கும் ஆகுங்களா?”

சிரிப்பை அடக்க நான் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினேன். “ஆகும்போலத்தான் இருக்கு. ஆனா நான் இனிமே ஆள் இல்லாம ஒண்ணும் சொல்றதில்ல. அவங்களையே கூட்டிட்டு வாங்க, அவங்க கேக்கட்டும். முதல்ல வீட்டுக்குப் போய், உங்க தங்கச்சி வந்து குடியிருக்கப் போறாங்கன்னு பக்குவமா சொல்லிடுங்க. அத முடிச்சிட்டு இந்தப் பேச்ச எடுங்க.”

வேலு தலையை ஆட்டினார். அவசரமில்லாமல், புத்தி சொல்ல வந்த ஆளைப் பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரி.

“இல்லீங்க. மொதல்ல அவ பங்கச் சொல்றேன். கட்டிக் குடுத்த பொண்ணுக்கும் அப்பன் சொத்துல பங்கு இருக்குன்னு அவ வாயாலயே சொல்ல வைக்கிறேன். அதுக்கப்புறமா தங்கச்சியச் சொல்றேன்.”